கிளித்தட்டும் நெடுஞ்சாலையும்

பாலர் கல்வித் துறையினர் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம், அட்டையில் செய்த விளக்குக் கம்பமும் அதில் ஒட்டிய சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. சிவப்புக்கு நிற்கவும் பச்சைக்கு நடக்கவும் பிள்ளைகள் பழகிவிட்டால் பெற்றோரும் உபாத்தியாயரும் திருப்தி அடைந்துவிடுகின்றனர். ஆயினும், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில், வாசற்படியை விட்டிறங்கினால் நேரே தார்ச்சாலையில் கால் வைக்க வேண்டிய குழந்தைக்கு, தன் வழியில் ஒருநாளும் எதிர்ப்படாத விளக்கைப் பற்றிய இந்த ஞானத்தால் விளையும் பிரயோஜனம் யாது என்று நாம் சிந்தித்தல் வேண்டும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை பிறந்ததே அன்றிச் சாலை இரண்டாகவில்லை. 47 ஆம் எண் நெடுஞ்சாலை என்று முதியோர் இன்றும் குறிப்பிடும் பழைய பாதை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு களியக்காவிளையை அடைகிறது. கழக்கூட்டத்திலிருந்து காரோட்டுக்குப் புறவழிச்சாலை அமைந்த பின்னரும், இரு மாநிலப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இப்பாதையில் குறைந்தபாடில்லை. இதிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளோ மேடும் இறக்கமுமாய், மதிற்சுவர்கள் மறைக்கும் வளைவுகளோடு, பல இடங்களில் நடைபாதையே இன்றிச் செல்கின்றன.

இத்தகைய சாலையில் சிறு குழந்தையின் சக்தி எவ்வளவு என்பதை ஸ்வீடன் தேசத்து உளவியல் அறிஞர் ஸ்டீனா சாண்டெல்ஸ் 1960-களில் ஆராய்ந்தார். வாகன ஓசை எத்திசையிலிருந்து வருகிறதென்று பிரித்தறிவதும், எடுத்த ஓட்டத்தை நடுவில் நிறுத்துவதும், பல விஷயங்களை ஒருங்கே மனத்தில் கொள்வதும் இளம் பிராயத்தில் முதிர்வதில்லை என்று கண்ட அவர், குழந்தையைப் போக்குவரத்துக்கு இணங்கச் செய்வதினும் போக்குவரத்தைக் குழந்தைக்கு இணங்கச் செய்வதே முறை என்று வற்புறுத்தினார். ஆகவே, நாம் கற்பிக்க வேண்டுவன விதிகளைக் காட்டிலும் அப்பியாசங்களே: நிற்றல், பார்த்தல், கேட்டல், கடக்கத் தக்க இடத்தைத் தெரிந்துகொள்ளல்.

இவற்றுக்குரிய விளையாட்டுகளை அந்நிய தேசத்திலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. கல்லா மண்ணாவில், மண் பிடிப்பவனுக்குரியது, கல்லின்மேல் நிற்பவனைத் தொடலாகாது என்ற நியமத்தால், அபாயமான தளம் எது, அபாயமற்ற தளம் எது என்ற பேதம் காலுக்கே பழக்கமாகிறது. கைதட்டியதும் சிலையாக நிற்கும் ஆட்டம், ஓடும் உடலை மனம் தடுத்தாளும் பயிற்சியாகிறது. கிளித்தட்டைப் பற்றி மட்டும் சற்று எச்சரிக்கை அவசியம். காவல் நிற்பவரின் அசைவைக் கூர்ந்து நோக்கி, இடைவெளியை மதிப்பிட்டுக் கோட்டைத் தாண்டும் அவ்வாட்டம் சாலையைக் கடக்கும் திறனுக்கு வெகு சமீபமானதே. எனினும் அது குறுகிய இடைவெளியில் பாய்பவனைப் பாராட்டுகிறது, சாலையோ பாய்பவனையே தண்டிக்கிறது. எனவே காவலரைப் பேருந்தாகவும் ஆட்டோவாகவும் டிப்பர் லாரியாகவும் மாற்றி, ஓடிக் கடந்தவனைத் திருப்பி அனுப்பி, காத்திருந்து நடந்தவனுக்கே வெற்றி என்று ஆசிரியை விதியை மாற்றிக்கொள்ளல் வேண்டும். வலப்பக்கம் எதுவென்று தடுமாறும் பிள்ளைக்குச் சோற்றாங்கைப் பக்கம் என்றால் போதும். வாகனம் இடப்புறமாகச் செல்லும் நம் நாட்டில் முதற்பார்வை அப்பக்கமே செல்ல வேண்டும்.

ஆயினும் முற்றத்தில் கற்றது முற்றத்திலேயே நின்றுவிடுதல் சிறு பிராயத்தின் இயல்பு. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரின் டிரம்சாப்பல் பகுதியில், 1990-களில், பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் ஐந்து வயதினரைச் சிறு குழுக்களாகத் தம் தெருக்களுக்கே அழைத்துச் சென்று கடக்கும் இடங்களைத் தெரிவு செய்யப் பழக்கினர். நல்ல பலன் தந்த அம்முறை பின்னர் கெர்ப்கிராஃப்ட் என்ற பெயரில் பரவியது. நம் அங்கன்வாடிகளிலும் முற்றத்து விளையாட்டு முதற்படியாகவும், வாகனம் அருகிய கிளைச் சாலையின் ஓரத்தில் பெரியவர் கைப்பிடித்து நின்று செய்யும் பயிற்சி இரண்டாம் படியாகவும் அமைதல் வேண்டும். கேரளத்தில் 2010 முதல் இயங்கிவரும் மாணவர் காவல் படையினரையும், திருவனந்தபுரத்திலுள்ள நாட்பாக் என்னும் போக்குவரத்து ஆய்வு மையத்தாரையும் இப்பணியில் துணை வேண்டலாம்.

நன்கு விளையாடிய குழந்தையும் தனியே சாலையைக் கடக்கத் தகுதி பெற்றதாகிவிடாது. இதை ஆசிரியைகள் பெற்றோருக்கு ஐயமறத் தெரிவிக்க வேண்டும். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 உயிர்கள் மடிந்தன; இப்பழியைப் பிள்ளைகளின் அறியாமைமேல் சுமத்துதல் நியாயமன்று. அன்பர்கள் தத்தம் பள்ளியின் வாசலை ஒருமுறை குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து நின்று பார்த்து, அங்கே மறைக்கும் சுவரையும், இல்லாத நடைபாதையையும், அடங்காத வேகத்தையும் குறித்துப் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் எழுதுமாறு வேண்டுகிறோம். விளையாட்டைக் கற்பிக்கும் கடமையோடு இதுவும் நம்முடைய கடமையே.