பச்சை நிறமே பயனாகுமா?

(மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவன்)

நம் கல்லூரித் தாவரவியல் தோட்டத்தின் மூலையில் இரண்டு தொட்டிகளில் சீனித்துளசி வளர்கிறது. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டுச் செடி அது. அந்நாட்டுக் குவாரானி மக்கள் நெடுங்காலமாக அதன் இலையை இனிப்புக்காகப் பயன்படுத்தி வந்தார்கள். 1899-ல் மோயிசஸ் பெர்தோனி என்னும் தாவரவியலார் அதை அறிவுலகுக்கு அறிமுகம் செய்தார். இலையிலுள்ள ஸ்டீவியோசைடு என்ற பொருள் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானது.

சென்ற ஆண்டு நான் ஒரு தொட்டிக்கு மட்டும் யூரியா இட்டேன். சில நாட்களில் அதன் இலைகள் பெருத்துக் கரும்பச்சையாயின. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் இரண்டையும் கிள்ளி மென்றபோது, யூரியா காணாத வெளிறிய இலையே கூடுதலாக இனித்தது போல் எனக்குத் தோன்றியது. நாக்கு ஆய்வுக்கூடம் ஆகாது; இரண்டு தொட்டிகள் சோதனையும் ஆகா. ஆயினும் ஒரு கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. பச்சை கூடினால் சத்தும் கூடுமா?

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருக்கிறது. புரதத்துக்கும் பச்சையத்துக்கும் அது இன்றியமையாதது. அது தாராளமாகக் கிடைக்கும்போது, செடி ஒளிச்சேர்க்கையில் சேர்த்த சர்க்கரையைப் புரதமாகவும் புதுத் தழையாகவும் மாற்றச் செலவிடுகிறது. ஸ்டீவியோசைடிலும் வைட்டமின் சி-யிலும் நைட்ரஜன் அணுவே இல்லை. ஆகவே தழை பெருகும். ஆனால் ஒரு கிராம் இலையில் இவற்றின் பங்கு குறையக்கூடும். மொத்த விளைச்சல் ஒரு கணக்கு. இலைக்குள் இருக்கும் சத்து வேறொரு கணக்கு.

அதற்காக நான் உரத்தின் பகைவன் அல்லன். 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரித்துக் காட்டியிராவிட்டால், இன்று உலகில் பலகோடிப் பேருக்குச் சோறு இராது. தழைச்சத்து போதாத நிலத்தில் பயிர் மஞ்சளித்துச் சோரும். அளவோடு இட்டால் தானியத்தின் புரதமும் கூடும். என் வழக்கு அளவைப் பற்றியது மட்டுமே.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. எங்கள் வீட்டுச் சோறு. என் தந்தையார் அரை ஏக்கரில் கீரை பயிரிடுகிறார். பறிப்பதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன் ஒரு கை யூரியா தூவுவது அவர் வழக்கம். வேர் உறிஞ்சும் நைட்ரேட் புரதமாக மாற வெயிலும் நாட்களும் வேண்டும். அதற்குள் பறித்துவிட்டால் அது நைட்ரேட்டாகவே இலையில் தங்கும். பயிர் எடுக்காத மீதியோ மண்ணில் இறங்கிக் கிணற்று நீரில் கலக்கும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது நம் நாட்டின் தர அளவு. மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். எங்கள் வீட்டில் அக்காவின் குழந்தைக்கு நான்கு மாதம்.

இதைத் தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "தம்பி, நீ படிச்சவன், சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா வெளிறின கட்டைச் சந்தையில யாரு தொடறா?" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. ஏனெனில் கரும்பச்சையைத் தேடி எடுப்பவர்கள் நாம்தாமே! நிறத்துக்கு விலை கொடுத்துவிட்டு, உழவர் நிறத்தை விளைவிக்கிறார் என்று குறை கூறுவது எவ்வகை நியாயம்?

நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் நான்கு பாத்திகள் போடுவோம். ஒன்றில் உரமே வேண்டாம், ஒன்றில் தொழுவுரம், ஒன்றில் பரிந்துரைத்த அளவு யூரியா, மற்றொன்றில் அதன் இரு மடங்கு. ஒரே நாளில் கீரை விதைத்து ஒரே நாளில் பறிப்போம். எடையைத் தாவரவியல் துறை பார்க்கட்டும். நைட்ரேட்டையும் வைட்டமின் சி-யையும் வேதியியல் துறை அளக்கட்டும். கிடைக்கும் எண்களை அடுத்த மலரில் வெளியிடுவோம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அப்பாவிடம் போவேன். அதற்கு முன், கீரை வாங்கும் நாமும் நம் கண்ணைக் கொஞ்சம் திருத்திக்கொள்வோம்.