தொட்டில் பழக்கம் என்னும் தீர்ப்பு

ஆளுமைக் கோளாறு உள்ளவர் ஒரு தனி ரகம். அந்தக் குணம் தொட்டிலில் தொடங்கிச் சுடுகாடு மட்டும் மாறாது. ஊரில் வேரூன்றிய இந்த நம்பிக்கையில் இரண்டு கூற்றுகள் உள்ளன. இரண்டுமே தவறு.

ரகம் பிரிக்கும் வழக்கத்துக்கு மருத்துவமும் துணைபோனது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடு ஆளுமைக் கோளாறுகளைப் 10 வகைகளாகப் பிரித்தது. அவற்றில் ஒன்று 'எல்லைநிலை ஆளுமை': ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் அந்தப் பெயர். நான்கே இருந்தால் இல்லை. இந்தக் கணக்கின்படி, ஒரே பெயர் பெற்ற இருவரிடம் ஒரேயோர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். ஒருவருக்கே மூன்று பெயர்கள் விழுவதும் உண்டு. இயற்கையில் இல்லாத வேலியைத் தாளில் போட்டதால் வந்த குழப்பம் இது.

உளமருத்துவர் ஜான் லைவ்ஸ்லி குழுவினர் 1998இல் நோயாளிகள், பொதுமக்கள், இரட்டையர் என மூன்று தரப்பினரின் பண்புகளையும் அளந்தனர். மூன்றிலும் ஒரே நான்கு அடித்தளங்கள் தெரிந்தன: கட்டுக்கடங்கா உணர்ச்சி, பிறரைப் பொருட்படுத்தாமை, ஒதுங்கல், மிகைக் கண்டிப்பு. நோயாளிக்கென்று தனிப் பண்பு எதுவும் இல்லை. எல்லாரிடமும் இருப்பது அவரிடம் மிகுந்திருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் பழைய வகைகளைக் கைவிட்டு, கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றே முதலில் கேட்கிறது. 'எல்லைநிலை' என்ற பெயரை மட்டும் விட மனமில்லாமல் ஓரத்தில் வைத்திருப்பது வருந்தத்தக்க சமரசம்.

மாறாது என்பதும் நிற்காது. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 290 எல்லைநிலை நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்தது இரண்டாண்டுகளாவது நோயின் வரையறைக்கு வெளியே வந்திருந்தனர். வேலையும் உறவும் சீராக அவர்களுக்கு இன்னும் நாள் பிடித்தது. பாதிப் பேருக்கே அது முழுமையாகக் கைகூடியது. உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய பேச்சுச் சிகிச்சை, தம்மைத்தாமே காயப்படுத்திக்கொள்வதைக் குறைக்கிறது என்று 1991லேயே தெரிந்துவிட்டது.

அரக்கோணத்தை அடுத்த சோளிங்கருக்கு, மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து தக்கான் குளத்தில் நீராட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவர்கள் குணமாவார்கள் என்று குடும்பம் நம்புகிறது. ஆனால், ஓயாமல் சீறுகிறவரையோ, கையைக் கீறிக்கொள்கிறவரையோ அதே குடும்பம் 'பிறவியே அப்படி' என்று கைவிடுகிறது. அவர் குளத்துக்கும் போவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. இந்தக் கைவிடல்தான் 'மாறாது' என்ற நம்பிக்கை இழைக்கும் பெருங்கேடு. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.