ஜில்லா போர்டு விட்டுச்சென்ற பாடம்

தஞ்சைத் தரணியின் முதியோர் சிலர் தாம் பயின்ற பள்ளியை இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்றே குறிப்பிடுவர். ‘அது எந்த போர்டு?’ எனப் பேரப்பிள்ளைகள் வினவினால் விடை கூற நாம் அறிந்திருத்தல் நலம்.

1882-இல் ரிப்பன் பிரபு தலச் சுயாட்சிக்கு வழிகோலினார். அதையொட்டிச் சென்னை மாகாணத்தில் 1884-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று படிகள் அமைந்தன. நகரங்களுக்கு நகராட்சி இருந்ததுபோல, நாட்டுப்புறத்தின் சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு இவை பொறுப்பேற்றன. தொடக்கத்தில் கலெக்டரே ஜில்லா போர்டின் தலைவர்.

தஞ்சை போர்டு சாலையோடு நின்றுவிடவில்லை. நிலவரியுடன் ஒரு சிறு வரியும் தண்டி, இரயில் பாதையே அமைத்தது! 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு வண்டி ஓடிற்று. 1903-இல் பாதை அறந்தாங்கியை எட்டியது. உழவர் ஈந்த காசு உழவரின் ஊர்களுக்கே வழியாயிற்று.

ஆயினும், பொதுப்பொருள் எல்லார்க்கும் பயன்பட்டதா? மராட்டிய மன்னர் நிறுவிய சத்திர அறக்கட்டளைகள் போர்டின் பொறுப்பில் இருந்தன. ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளில் இலவச உணவும் உறைவிடமும் பிராமண மாணவர்க்கே கிடைத்து வந்தன. 1920-களில் போர்டின் தலைவராக விளங்கிய கத்தோலிக்கர் ஏ.டி. பன்னீர்செல்வம் அவற்றின் கதவுகளைப் பிற வகுப்பு மாணவர்க்கும் திறந்துவிட்டார். திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழுக்கும் இடமளித்தார். பின்னாளில் அமைச்சராகவும் பணியாற்றிய அவர், 1940 மார்ச் 1-ஆம் நாள் இலண்டன் செல்லும் வழியில் விமான விபத்தில் மறைந்தார்.

தாலுகா போர்டுகள் 1934-இல் கலைக்கப்பட்டன. 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் விளைவாக ஊராட்சி ஒன்றியங்கள் தோன்ற, ஜில்லா போர்டும் மறைந்தது. இன்றைய மாவட்ட ஊராட்சி 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது.

அமைப்புகள் மாறும், கேள்வி மாறாது. பொதுப்பணம் யாருக்குச் சோறிடுகிறது? யாரை வாசலில் நிறுத்துகிறது? கிராமசபை கூடும் நாளில் நம் குடும்பத்தார் சென்று இதைக் கேட்கவேண்டும். நம் பங்குகளிலும் முன்னோர் விட்டுச்சென்ற நிலமும் நிதியும் உண்டு. அவற்றின் பயன் ஊரின் கடைக்கோடித் தெருவுக்கும் சென்று சேர்கிறதா என்பதை முதலில் நம் இல்லத்திலேயே ஆராய்வோமாக.