களையாத கீன்வா கசக்காதா?

கீன்வா கசக்கிறது, களியாகிறது, இதை மனுஷன் தின்பானா என்று கேட்கிறார் நண்பர். அரிசியைக் களையாமல் உலையில் போடுவாரா? கீன்வா மணியின் மேல்தோலில் சப்போனின் இருக்கிறது. பறவைகள் அண்டாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் கசப்பு அது. பொலிவியா, பெரு மலைக்காரர்கள் காலங்காலமாகத் தேய்த்து அலசித்தான் உண்கிறார்கள். சன்னக் கண் வடிகட்டியில் கொட்டி, நுரை அடங்கும்வரை குழாயடியில் கையால் தேய்த்து அலசுங்கள். ஒன்றுக்கு ஒன்றே முக்கால் தண்ணீர் போதும். குக்கரை எடுக்கவே வேண்டாம். 15 நிமிடத்தில் மணியிலிருந்து வெள்ளை வால் சுருண்டு பிரியும். இறக்கி, சற்று மூடிவைத்துக் கிளறினால் உதிரி உதிரியாக வரும்.

விலை? அதைச் சொல்லியிருந்தால் அவர் பக்கம்தான் நான். புரதத்துக்காக வாங்குவதென்றால் துவரம்பருப்பே மேல்: வேகாத 100 கிராமில் கீன்வாவில் சுமார் 14 கிராம், பருப்பில் 20க்கு மேல். அந்த வாதத்தை அவர் தொடவே இல்லை.