பூட்டாத குழாய் வேண்டாம்

வார்டில் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் உறவினர்களின் கண்கள் பெரும்பாலும் மேலே தொங்கும் குளுக்கோஸ் பாட்டிலின் மீதே நிலைத்திருக்கின்றன. "சிஸ்டர், பாட்டில் தீரப்போகுது" என்று ஓடிவந்து சொல்லாத உறவினரைக் காண்பது அரிது. அந்த அக்கறை போற்றத்தக்கதே. ஆயினும் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பாட்டில் தீர்ந்தால், கையில் ஏறும் சொட்டு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். செவிலியர் வந்து மாற்றிவிடுவார். என் கவலை பாட்டிலைப் பற்றியதன்று. குழாயும் குழாயும் சேருகின்ற இணைப்பைப் பற்றியது.

பாட்டிலிலிருந்து இறங்கும் ஐ.வி. செட், கையில் பொருத்திய கேனுலாவோடு ஓரிடத்தில் சேருகிறது. நடுவே மூன்று வழிக் குழாய், அதாவது 'த்ரீ வே' வந்தால் இன்னும் இரண்டு இணைப்புகள் கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவருக்கு இவ்விணைப்புகள் பத்தையும் தாண்டும். சுண்டுவிரல் நுனியளவுகூட இல்லாத இந்தப் பிளாஸ்டிக் துண்டுகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மருந்தின் பெயரைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம், மருத்துவரின் பட்டத்தைக் கேட்கிறோம். அம்மருந்து உடலுக்குள் போய்ச் சேர்கிறதா என்பதை முடிவுசெய்யும் இணைப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை.

இந்த இணைப்புக்கு லூயர் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த லூயர் என்பவரின் பெயர் அது. அமைப்பு மிக எளியது. ஒரு பக்கம் கூம்பு, மறுபக்கம் அக்கூம்பு நுழையும் குழி. நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஆறு மில்லிமீட்டர் வீதம் விட்டம் குறையும்படி இரண்டுமே ஒரே சரிவில் கடைந்தவை. அழுத்திச் செருகினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ரப்பர் வளையமோ பசையோ தேவையில்லை. உலகின் எந்தத் தொழிற்சாலையில் செய்த சிரிஞ்சும் எந்தத் தொழிற்சாலையில் செய்த ஊசியோடும் பொருந்துவது இந்த ஒரே சரிவினால்தான்.

இதில் இரு வகைகள் உண்டு. வெறுமனே செருகி நிறுத்துவது லூயர் ஸ்லிப். செருகியபின் மரையுள்ள ஒரு வளையத்தைத் திருகிப் பூட்டுவது லூயர் லாக். பூட்டும் வகையை அமெரிக்காவின் பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் 1920-களிலேயே கொண்டுவந்துவிட்டது. ஏறத்தாழ நூறாண்டு ஆகியும், நம் நாட்டுச் சந்தையில் செருகும் வகைதான் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கிறது. என் கருத்தை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன்: மணிக்கணக்கில் ஓட வேண்டிய எந்தச் சொட்டு மருந்துக்கும் செருகும் வகையை ஏற்கக் கூடாது.

மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் வருகின்ற வாசகர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை. விசைப்படகின் டீசல் குழாயைச் செருகிவிட்டு, கிளிப் போட்டு முறுக்காமல் யாரும் கடலுக்குப் போவதில்லை. எஞ்சின் அதிர அதிர, செருகிய குழாய் இம்மியளவாய்ப் பின்வாங்கும் என்பது அனுபவம் தந்த அறிவு. படகுக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையை நோயாளியின் கைக்குக் காட்டினால் போதும்.

கழன்று விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். இரத்தம் வழியும், யாராவது கத்துவார்கள். கழலாமல் கசிவதே கொடிது. இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இரத்த அழுத்தம் விழுந்துபோன ஒருவருக்கு நார்அட்ரினலின் என்னும் மருந்தைச் சிரிஞ்ச் பம்ப் மூலம் மணிக்கு 3 மில்லி வீதம் செலுத்துகிறார்கள் என்று கொள்வோம். நீர்த்துளிகள் ஏறத்தாழ இருபது சேர்ந்தால் ஒரு மில்லி. இணைப்பில் நிமிடத்துக்கு ஒரே ஒரு துளி கசிந்தால், மணிக்கு அறுபது துளி. அதாவது 3 மில்லி. நோயாளிக்கு உரிய மருந்து முழுவதும் போர்வையில் போய்ச் சேர்ந்துவிட்டது. பம்ப்பின் திரையிலோ 'மணிக்கு 3 மில்லி' என்றே எழுத்து ஒளிரும், ஒலியும் எழாது. ஏனெனில் குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தம் கூடும், பம்ப் அதை உணர்ந்து கூவும். கசிந்தால் அழுத்தம் கூடுவதில்லை. அடைப்பை அறியும் கருவிக்குக் கசிவை அறியும் புலன் இல்லை. இலட்ச ரூபாய்க் கருவியை வாங்கி வைத்துவிட்டு, அதன் நுனியில் சில்லறைக் காசு மிச்சம்பிடிக்கும் வழக்கத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கழுத்து நரம்பிலோ மார்பு நரம்பிலோ போட்டிருக்கும் 'சென்ட்ரல் லைன்' திறந்துகொண்டால் ஆபத்து வேறு விதமானது. நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் அந்நரம்பின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடும். அப்போது இரத்தம் வெளியே வராது. காற்று உள்ளே போகும். இதயத்தை அடைந்த காற்று உயிரைப் பறிக்கவும் கூடும். அவ்விடத்தில் பூட்டில்லாத இணைப்பு இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

நம் மாவட்டத்தின் நிலவியல் இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. இராமேசுவரத்தில் நெஞ்சுவலியால் துடிப்பவர் பாம்பன் பாலத்தைக் கடந்து இராமநாதபுரம் வர ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு அனுப்ப நேர்ந்தால் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தூரமும் ஆம்புலன்சுக்குள் சொட்டு மருந்து ஏறிக்கொண்டே போகிறது. வேகத்தடை, குழி, திருப்பம், ஸ்ட்ரெச்சரை ஏற்றுவது, இறக்குவது, வியர்த்து நழுவும் தோல், விளக்கொளி மங்கிய வண்டி. வார்டில் அசையாமல் கிடக்கும்போது ஆறு மணி நேரம் தாங்குகின்ற செருகல், இந்தப் பயணத்தில் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பெருநகரத்தில் அடுத்த தெருவில் மருத்துவமனை இருப்பவர்களுக்குப் போதுமான தரம், நமக்குப் போதாது. கடற்கரைக்கு உரிய தரத்தைக் கடற்கரைதான் கேட்டு வாங்க வேண்டும்.

சிறு கசிவு எவ்வளவு பெரிய முயற்சியைக் கவிழ்க்கும் என்பதற்கு இராமேசுவரத்தின் புதல்வர் ஒருவரது வாழ்விலேயே சான்று உண்டு. டாக்டர் அப்துல் கலாம் தலைமையேற்று உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 317 வினாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. ஆராய்ந்தபோது தெரியவந்த காரணம்: இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடிக்கொள்ளாமல், உள்ளிருந்த திரவம் கசிந்து தீர்ந்துபோனது. இருபத்துமூன்று மீட்டர் உயரமும் பதினேழு டன் எடையும் கொண்ட கலத்தை வீழ்த்தியது ஒரு வால்வு. அதைச் சரிசெய்து, அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தினார்கள். அவர்கள் தவற்றைத் தேடியது ஆட்களிடம் அன்று, பொருளிடம். மருத்துவமனைகளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் முழுமையாக வரவில்லை. இணைப்பு கழன்றால் "எந்த சிஸ்டர் போட்டது?" என்றே முதலில் கேட்கிறோம். "எந்த வகை இணைப்பு அது?" என்று கேட்பவர் சிலரே.

கழல்வது ஒரு குறை. லூயருக்கு நேர்மாறான இன்னொரு குறையும் உண்டு: அது எல்லாவற்றோடும் பொருந்திவிடுகிறது. நரம்பில் போக வேண்டிய மருந்தின் சிரிஞ்ச், முதுகுத்தண்டில் போடும் ஊசியோடும் அப்படியே பொருந்தும். 2001 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலுள்ள குயின்ஸ் மெடிக்கல் சென்டரில், புற்றுநோயிலிருந்து தேறிவந்த பதினெட்டு வயது இளைஞருக்கு, நரம்பில் மட்டுமே செலுத்த வேண்டிய வின்கிரிஸ்டின் மருந்து முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டது. அடுத்த மாதம் அவர் இறந்தார். மருத்துவர்களின் கவனக்குறைவு என்று அதை முடித்துவிடாமல், பொருந்தக் கூடாதவை ஏன் பொருந்தின என்ற கேள்வியையும் அந்நாடு எழுப்பியது. அதையும் அதுபோன்ற பிற துயரங்களையும் அடுத்து உருவானதே ஐ.எஸ்.ஓ. 80369 என்ற பன்னாட்டுத் தர வரிசை. இதன்படி உணவுக் குழாய்க்கு ஓர் அளவு, முதுகுத்தண்டு ஊசிக்கு வேறோர் அளவு, நரம்புக்கு லூயர் என 2016-இல் தனித்தனியே வரையறுத்தார்கள். ஒன்றை மற்றொன்றில் நுழைக்க முயன்றாலும் நுழையாது. களைத்துப்போன மனிதன் நள்ளிரவு மூன்று மணிக்குத் தவறு செய்யத்தான் செய்வான். அவனைத் தடுத்து நிறுத்தும் வேலையைப் பிளாஸ்டிக்கிடமே ஒப்படைத்த அறிவு இது. இந்தியாவில் இவ்வகை இணைப்புகள் இன்னும் பரவவில்லை. மூக்கு வழியே உணவு செல்லும் ரைல்ஸ் டியூப் உள்ள நோயாளியின் அருகிலேயே சொட்டு மருந்துக் குழாயும் தொங்குவது நம் வார்டுகளில் அன்றாடக் காட்சி. அதனால்தான் இதைக் கவலையோடு எழுதுகிறேன்.

பூட்டும் இணைப்புக்கு எதிராக அனுபவமிக்க செவிலியர்கள் சொல்லும் காரணங்களை நான் புறந்தள்ளவில்லை. குழாய் எங்காவது மாட்டி இழுபட்டால், செருகிய இணைப்பு கழன்று கொடுக்கும். பூட்டிய இணைப்போ கேனுலாவையே கையிலிருந்து பிடுங்கிவிடும். உண்மைதான். நெரிசலான வார்டில், உறவினர் எழுந்து நடக்கும்போது குழாயில் கால் தட்டுவதும் நடக்கிறது. இதற்குத் தீர்வு பூட்டைக் கைவிடுவதன்று. குழாயைச் சிறிது சுற்றித் தோலில் பிளாஸ்திரி போட்டு, இழுவிசை கேனுலாவை எட்டாமல் செய்வதே. அளவுக்கு மீறி முறுக்கினால் விரிசல் விடும் என்பதும் உண்மையே. பாலிகார்பனேட்டால் செய்த த்ரீ வேக்கள், ஸ்பிரிட்டும் கொழுப்புக் கலந்த மருந்துகளும் படப்பட, மயிரிழை விரிசல் கொள்ளும். எனவே கையால் திருகி நின்ற இடத்தில் நிறுத்த வேண்டும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கொண்டு முறுக்கும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். பாசி வளர்க்கும் மிதவையில் கயிறு கட்டும் நம் பெண்களின் முடிச்சு அலைக்கு அவிழாது; கைக்கு அவிழும். இணைப்பிடம் நாம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

இனி, வாங்குவோருக்கு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கான பொருள்களை 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. இவ்வளவு பெரிய வாங்குபவரின் டெண்டரில் 'நோயாளியின் பக்கமுள்ள முனை லூயர் லாக்காக இருக்க வேண்டும்' என்ற ஒரு வரி எல்லா வகைச் செட்டுகளுக்கும் விதிவிலக்கின்றி இடம்பெறுமானால், அதைச் செய்து தராத உற்பத்தியாளர் இருக்க மாட்டார். தனியார் மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல. ஐந்து நிறுவனங்களின் ஐந்து வகைகளை விலை பார்த்து மாற்றி மாற்றி வாங்குவதைவிட, ஒரே வகையை வாங்கி அதில் எல்லோரையும் பழக்குவது பாதுகாப்பானது. இராமேசுவரத்திலிருந்து வருபவரின் கையிலுள்ள இணைப்பு, இராமநாதபுரத்திலும் மதுரையிலும் உள்ள கருவியோடு பூட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா?

உறவினர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அது கைவேலை அன்று, கண்வேலை. எந்தக் குழாயையும் நீங்களே கழற்றாதீர்கள், பூட்டாதீர்கள். கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதற்காகக் குழாயைப் பிரித்துவைத்து மீண்டும் செருகுவது கூடவே கூடாது. விரல் பட்ட முனை வழியே கிருமி நேரே இரத்தத்தில் கலக்கும். பாட்டிலிலிருந்து கை வரைக்கும் குழாயைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். போர்வையோ சட்டைக்கையோ நனைந்திருந்தால், தண்ணீர் சிந்தியதாக எண்ணி விட்டுவிடாமல் செவிலியரை அழையுங்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன், "எல்லாக் குழாயும் பூட்டியிருக்கிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பவர்மீது எந்தச் செவிலியரும் கோபம் கொள்ள மாட்டார்.

கசிந்த இணைப்பைப் பற்றிப் புகார் செய்ய நாட்டில் இடமும் இருக்கிறது. மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைத் தொகுக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவமனை மட்டுமன்றி நோயாளியும் அதற்குத் தெரிவிக்கலாம். எங்களிடம் சொன்னால் படிவத்தை நிரப்ப நாங்கள் உதவுவோம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: செவிலியர் மாற்றிய பழைய இணைப்பையும் அது வந்த உறையையும் குப்பையில் போட விடாமல் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தயாரித்த தொகுதியின் எண் அந்த உறையில்தான் அச்சாகியிருக்கும்.