உறையைக் கிழிக்கும் முன் ஒரு தாள் எடுங்கள்

விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கைபேசியில் 'கொலையாளி யார்?' விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறார்கள். "கொலையெல்லாம் ஒரு விளையாட்டா சார்?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். தாராளமாக விளையாடட்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

இது கைபேசியோடு பிறந்த விளையாட்டு அல்ல. 1936-இல் டென்னிஸ் வீட்லி என்ற ஆங்கில எழுத்தாளர், ஜே.ஜி. லிங்க்ஸ் என்பவரோடு சேர்ந்து 'மர்டர் ஆஃப் மயாமி' என்ற நூலை வெளியிட்டார். நூல் என்பதைவிடப் போலீஸ் கோப்பு என்பதே பொருத்தம். மயாமிக்கு அருகே கடலில் ஓர் உல்லாசப் படகு. அதில் வந்த தொழிலதிபர் ஒருவரைக் காணவில்லை. கோப்பைத் திறந்தால் தந்திகள், வாக்குமூலங்கள், புகைப்படங்கள் இருக்கும். கறை படிந்த திரைத்துணித் துண்டு, தலைமுடி, தீக்குச்சி ஆகியவற்றையும் நிஜமாகவே உள்ளே வைத்திருந்தார்கள். விடை மட்டும் கடைசியில், ஒட்டி மூடிய பக்கங்களில். 1939-க்குள் இதேபோல் இன்னும் மூன்று கோப்புகள் வந்தன. 1982-இல் வந்த 'டெட்லைன்' என்ற கணினி விளையாட்டுக்கும் இவைதாம் தூண்டுதல்.

அந்த ஒட்டிய பக்கங்களை யாரும் காவல் காக்கவில்லை. கிழித்துப் பார்த்தால் கேட்க ஆளில்லை. வாசகரின் நேர்மையை நம்பித்தான் மொத்த விளையாட்டும் நடந்தது.

இன்றைய செயலிகள் பலவற்றில் நான்கு பெயர்கள் வருகின்றன. ஒன்றைத் தட்டு, தவறா, அடுத்ததைத் தட்டு. நான்கு முறை தட்டினால் யாரும் துப்பறிவாளர் ஆகிவிடலாம்! கணக்குப் பாடத்தில் விடை மட்டும் எழுதிய மாணவருக்கு நாங்கள் முழு மதிப்பெண் தருவதில்லை. படிகள் எங்கே என்று கேட்போம். இங்கும் அதைத்தான் கேட்க வேண்டும்.

என் நிபந்தனை இதுதான். விடையைப் பார்க்கும் முன் பிள்ளை ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுத வேண்டும். யார் செய்தது? அதற்கு ஆதாரம் எது? மற்றவர்கள் ஏன் செய்திருக்க முடியாது?

மூன்றாவது கேள்விதான் கடினம், அதுதான் முக்கியமும்கூட. ஒருவர்மீது சந்தேகப்பட அவருடைய முகமே போதும். ஒருவரை நிரபராதி என்று சொல்வதற்கோ, அவர் எங்கே இருந்தார், எத்தனை மணிக்கு, பார்த்தது யார் என்று பொறுமையாகத் தேட வேண்டும். கதையில் தவறாக ஊகித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால்தான் அங்கே பழகச் சொல்கிறேன்.

வெளியே நிலைமை அப்படியில்லை. காலையில் தொலைக்காட்சியில் ஒருவருடைய படம் வருகிறது. மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பே எழுதிவிடுகிறோம். கைது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு என்பதைப் படித்தவர்களே மறந்துபோகிறோம். நீதிமன்றம் பிறகு விடுதலை செய்தாலும், நாம் பரப்பிய பேச்சை யார் திரும்பப் பெறுவது?

ஆகவே, "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று பிள்ளை ஓடிவந்தால் உடனே கைதட்டிவிடாதீர்கள். "மற்ற மூன்று பேரை எப்படி விடுவித்தாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை ஒரு வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் கொஞ்சம் யோசிக்கும்.