இலகுவான துவக்கு, இலகுவாகாத உதைப்பு

அமெரிக்காவில் சிறிய உடல்வாகு கொண்ட ஒருவர் முதன்முறையாக மான்வேட்டைக்குப் புறப்பட்டால், கடைக்காரர் பெரும்பாலும் நீட்டுவது எடை மிகக் குறைந்த றைபிளைத்தான். இது அறிவுரையா, அறியாமையா? அதே ரவையைச் சுடும்போது, துவக்கின் எடை குறையக் குறையப் பின்னுதைப்புக் கூடும். இது நியூட்டனின் விதி. சுமக்க இலகுவானது தோளுக்கும் இலகுவாகிவிடாது.

ரவைத் தெரிவே முதன்மையானது. ஒத்த எடையுள்ள துவக்கில், 1955 இல் வந்த .243 வின்செஸ்ரர், 1906 இன் .30-06 உதைப்பதில் ஏறத்தாழ அரைப்பங்கே உதைக்கும். தகுந்த சன்னமிருந்தால் வெள்ளைவால் மானுக்கு அது போதும். அடிக்கட்டையும் அவரது கையளவுக்குக் குறுக்கப்படவேண்டும்.

'பழகினால் சரியாகும்' என்பார்கள். பழகிப்போவது அச்சம்தான். விசையை இழுக்குமுன்னரே கண் மூடும், குறி தவறும். காயமுற்ற மான் காட்டுக்குள் ஓடி அணுஅணுவாகச் சாகும். மனிதரின் வீறாப்புக்கு விலை கொடுப்பது அந்த உயிரே.